சம்பந்தியம்மாவுக்கு நான் போட்ட சல்யூட்

அன்பு மகள் ரொசெண்டாவுக்கு அப்பா எழுதுவது. சொக்கோரோவில் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளை லேலண்டும் வயிற்றுப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டுமென்று அம்மா தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள்.

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். போன வாரம் உன் மாமியார் நெஸ்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டு எரிமலைப் பாறைவெளியும் பழைய பட்டாளக் கோட்டைகளும் பார்க்கப் போனோம் அல்லவா. "அப்பா, கோட்டைக்கெல்லாம் வர்றாங்களான்னு அவங்ககிட்ட முதல்ல கேளுங்க" என்று நீ சொன்னாய். ஊர் சுற்ற யாருக்குக் கசக்கும் என்று நான்தான் கேட்காமல் விட்டேன். கரிசோசோ பாறைவெளியில் நெஸ்பா சிரித்த முகமாகத்தான் இருந்தார், "எங்க பக்கம் இப்படிக் கறுப்பா உறைஞ்சு கிடக்குறதை அரக்கனோட ரத்தம்னு சொல்வோம் சம்பந்தி, மிதிச்சு எழுப்பிவிட்டுறாதீங்க" என்று என்னைக் கேலிகூடச் செய்தார். முதல் கோட்டைக்குப் போனபோது பட்டாளக்காரன் போடும் நீலத் தொப்பி ஒன்று வாங்கினேன். அதோடு விட்டேனா? மறுநாள் சம்னர் கோட்டை வாசலில் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு காருக்கு முன்னால் விறைத்து நின்று சல்யூட் அடித்து, "எல்லாரும் வரிசையா நட!" என்று கத்தினேன் மகளே. அம்மா என் கையைக் கிள்ளினாள். நெஸ்பா காரை விட்டு இறங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "பட்டாளத்துக்காரங்க எங்க வீடுகளைக் கொளுத்திட்டு, எங்க சனத்தை அடைச்சு வைக்க இங்கதான் நடத்திக் கூட்டியாந்தாங்க. எங்கம்மாவோட கொள்ளுப்பாட்டி அப்போ பிள்ளைத்தாச்சி. வழியில வலி வந்தும் நிக்க விடலை. பிள்ளை தங்கலை. அவங்க பொழைச்சாங்க, அதனாலதான் நானும் லேலண்டும் இருக்கோம்." பூர்வகுடிகளைப் பட்டாளம் விரட்டியது பள்ளிக்கூடத்தில் படித்த சங்கதிதான், ஆனால் யாருக்கோ நடந்தது என்றே இத்தனை வயதுவரை இருந்துவிட்டேன். நீ அங்கே பிள்ளை சுமந்துகொண்டிருக்கும்போது நான் இப்படி ஒரு கூத்தடித்திருக்கிறேன். தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

திரும்பும்போது "நான் ஓட்டுறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். அல்புகெர்க்கி நெருங்கும் மேட்டில், மேற்கே அவர்கள் சனம் புனிதமாக நினைக்கும் நீல மலை தெரிந்ததும் ஓரமாக நிறுத்தி இறங்கினார். நாங்களும் இறங்கினோம். "கோட்டையிலேருந்து விடுதலையாகித் திரும்பினப்போ எங்க சனங்க இந்த மலையைப் பாத்துத்தான் அழுதாங்களாம்" என்றார். அங்கேதான் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பை வச்சு நான் என்ன செய்ய? பேரப்பிள்ளை வளர்ந்து அந்தக் கோட்டையைப் பத்திக் கேட்டா நீங்கதான் சொல்லணும். நீங்க பண்ணின கூத்தையும் விடாம சொல்லணும்" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன்.

இதை மாப்பிள்ளையிடம் மறைக்காதே, அவரையும் படிக்கச் சொல். அவர் என்னோடு பேச யோசித்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, பனியில் தனியாக நடக்காதே. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. அந்தப் பிள்ளையிடம் கோட்டைக் கதையை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

உன் அப்பா,
எலிசேயோ