தாத்தாவுக்குப் போட்ட வெந்நீர்

லஷ்கர் மொகல்லா,
மைசூர்,
20 ஜனவரி 1957

செல்வ மகன் வால்டருக்கு, அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. தேவமாதா கிருபையால் இங்கே நானும் உன் கிழட்டுப் பூனையும் சுகம். டேராடூன் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு படுக்கிறாயா என்பதுதான் என் கவலை.

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நில அளவைக் கூட்டத்தோடு இமயமலைக்குப் போக உன்னைக் கேட்டிருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், அம்மா வேண்டாம் என்றால் போகமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். முதல் கடிதம் வந்ததுமே வேண்டாம் என்று எழுதிவிட்டேன். தபாலில் சேர்க்கத்தான் மனம் வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தாத்தாவின் முப்பதாம் நாள் பூசை போன வியாழக்கிழமை நடந்தது. தந்தி உன் கைக்கு வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டதே என்று நீ வருத்தப்பட வேண்டாம். கஷ்டப்படாமல்தான் போனார். கட்டிலைச் சாமுண்டி மலை தெரிகிற ஜன்னலோரம் போடச் சொன்னார், போட்டோம். நெற்றியில் அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டு எழுந்த பங்குச் சாமியாரிடம், வெளியே மழையா என்று கேட்டார். கடைசியாகக் கேட்ட கேள்வி அதுதான்.

பூசைக்குப் பிறகு வீட்டில் காபி குடிக்க வந்தவர்கள் எல்லாரும் அவரைப் பற்றியே பேசினார்கள். வாரம் முழுக்க ரயில்வே கூட்ஸ் ஆபீஸ் நாற்காலியில் பதவிசாக உட்கார்ந்திருந்த கொர்னேலியஸ், லீவு கிடைத்ததும் காக்கி அரைக்கால் சட்டையில் புகுந்துகொண்டு காடேறிவிடுவாரே என்று ஒரே சிரிப்பு. எழுபது வயதிலும் அதே அரைக்கால் சட்டை. தெருவில் என்னால்தான் தலை நிமிர முடியாது!

தீபாவளிக்கு மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்கு நடந்து போகிற கூட்டத்தோடு வருஷா வருஷம் போவாரே, அதைச் சாமியாரே சொல்லிச் சிரித்தார். கிளம்புவதற்கு முந்தின நாள் தவறாமல் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து நிற்பாராம். செய்யப்போகிற பாவத்துக்கு இப்போதே மன்னிப்புக் கிடையாது என்று சாமியார் சொன்னால், நடக்கிறது பாவமில்லை சாமி, வழியில் சிறுத்தை வந்தால் என் கணக்கு நேராக இருக்கட்டும் என்பாராம். நவம்பரில் அந்த மலை இருக்கிற கொள்ளேகாலம் நம் ராஜ்யத்தோடு சேர்ந்தபோது எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். இவர் மட்டும், இத்தனை வருஷம் மதராஸ் ராஜ்யத்துக்கே நடந்து போய் வந்தேன், அந்தப் பெருமையையும் பிடுங்கிவிட்டார்கள் என்று முணுமுணுத்தார்.

உன் அப்பாவை நினைத்துப் பார்க்கிறேன். வெயில் பட்டால் தலைவலி, மழை பட்டால் ஜலதோஷம் என்று வீட்டைவிட்டு நகராத மனிதர். இதே வீட்டில், இதே கட்டிலில் விஷக்காய்ச்சல் வந்து முப்பத்திரண்டு வயதில் போய்விட்டார். ஊரெல்லாம் சுற்றிய தகப்பனார் எண்பதைத் தாண்டினார். இதில் என்ன நியாயம் என்று ஆண்டவரிடம் நான் கேட்காத நாளில்லை.

அப்பா போன அடுத்த தீபாவளிக்கும் தாத்தா மலைக்குப் போனார். நீ அப்போது சின்னவன். அவர் காட்டிலிருந்து வந்தால் உடம்பெல்லாம் உண்ணி ஒட்டியிருக்கும் என்று, பின்கட்டில் அண்டா நிறைய வெந்நீர் போட்டு, குளித்த பிறகுதான் உள்ளே விடுவேன். அந்த வருஷம் சொன்ன நாளில் வரவில்லை. தினமும் சாயங்காலம் அடுப்பு மூட்டுவேன், தண்ணீர் கொதித்து ஆறிப்போகும். நான்கு நாள் கழித்து ஒன்றும் நடக்காதது போல வந்து நின்றார். வெந்நீர் கொடுத்தேன், பேச்சுக் கொடுக்கவில்லை. கிறிஸ்துமஸ் பலகாரம் சுடும்வரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் ஏன் தாமதம் என்று சொல்லவில்லை.

பூசையன்று மத்தியானம், ஒரு மூட்டைப் புளியோடு ஓர் அம்மாள் வாசலில் வந்து நின்றாள். பேர் ராமக்காள், ஊர் ராமாபுரம். மலைக்குப் போகிற வழியில் சோற்றுக்கடை வைத்திருக்கிறாள். பெரியவரு இந்தத் தடவ வரலீங்களே, கொள்ளேகாலத்துல வெசாரிச்சேன், இப்படின்னு சொன்னாங்க, மனசு கேக்கலீங்க என்றாள். சாப்பிடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தத் தீபாவளி பற்றி நான் கேட்கவே இல்லை, அவளாகவே சொன்னாள்.

காட்டாத்துல தண்ணி பொரண்டு போகுதுங்க. கூட வந்த ஆளுக கயித்தப் புடிச்சுக்கிட்டு எறங்கிட்டாங்க. பெரியவருக்கு மீனாட்ட நீச்சல் தெரியும், ஆனா எறங்கவே மாட்டேன்னுட்டாரு. என்ற கடையிலயே நாலு நாளு குந்தியிருந்தாருங்க. மருமவ தண்ணி காய வெச்சுட்டு இருக்கும், அந்த ஊட்டுல இன்னொரு ஆம்பளையும் இல்லாமப் போயிடக் கூடாதுன்னாரு. இப்படிச் சொல்லிவிட்டு அவள் ரசம் கேட்டாள்.

எனக்கு வந்தது முதலில் கோபம்தான். இதை அன்றைக்கே வாயைத் திறந்து சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? நான் பேசாமல் இருந்தது தப்பு என்று இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் ரசம் எடுக்கப் போன நான் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடக்கத்தன்றுகூட அழாத அழுகையை அழுதேன். அந்தக் கிழவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும் வால்டர். அவர் இருந்தபோது இதைச் சொல்லியிருந்தால் தலைகால் தெரியாமல் ஆடியிருப்பார்.

வேண்டாம் என்று எழுதிய கடிதத்தை அன்று சாயங்காலமே அடுப்பில் போட்டுவிட்டேன். நீ போய்விட்டு வா. எனக்குப் பயம் இல்லை என்று நினைத்துவிடாதே. ராத்திரி படுத்தால் பனியும் பாறையுமாகத்தான் கண்ணுக்குள் வருகிறது. ஆனால் காட்டுக்குப் போனவர் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்ததை இந்த வீட்டில் நான் பார்த்திருக்கிறேன்.

தாத்தாவின் கம்பளியைப் பார்சலில் அனுப்புகிறேன். இரண்டு தடவை துவைத்தும் காட்டு வாசனை போகவில்லை, பொறுத்துக்கொள். கிளம்புவதற்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனம் செய்துவிடு. கூட வருகிறவர்கள் கேலி செய்தாலும் ஆறு பெருகினால் இறங்காதே, உட்கார்ந்துகொள்.

தேவமாதா உன் கூடவே நடப்பாள். திரும்பி வருகிற தேதியை எழுது மகனே. தேதி தவறினாலும் நான் கோபிக்க மாட்டேன். தவறுகிற ஒவ்வொரு நாளும் அண்டாவில் வெந்நீர் இருக்கும்.

உன் அம்மா,
சகாயமேரி