முன்தண்டு யாருக்கு?

அன்புள்ள மகள் பிலோமிக்கு,

மாதா தயவில் இங்கே அம்மாவும் நானும் நலம், என் வயிறு மட்டும் எரிகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடல் கடந்து வாழும் மகளுக்குக் கட்சியின் நகரத் துணைச் செயலாளர் மதலைமுத்து வெளியிடும் முக்கிய அறிவிப்பு என்னவென்றால், இந்த வருடத் திருவிழாவில் மாதா தேரைத் தூக்கும்போது முன்தண்டு, அதாவது முன்னால் நின்று தோள் கொடுக்கும் மரியாதை, எனக்கு இல்லை. கொடியை அரைக்கம்பத்தில் இறக்க வேண்டிய செய்தி, உன் அம்மா சிரிக்கிறாள்.

எல்லாம் அந்த ராயப்பனால். எதிர்க்கட்சிக்காரன், கோயிலில் என் பக்கத்து பெஞ்சு. போன மாதம் பங்குச் சாமியார் பிரசங்கத்தில், "மாதா படத்துக்குப் பக்கத்துல தன் படத்தப் போட்டு ஓட்டுக் கேக்குறவங்க, ஆண்டவர் படைச்ச ஆத்தையும் காப்பாத்தணும், அது கட்சி வேலை இல்ல, விசுவாசக் கடமை" என்றார். எல்லாரையும் விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான். இவன் என்ன செய்தான் தெரியுமா, அரியாங்குப்பம் ஆற்றோரம் அலையாத்திச் செடிகள் மேல் இடிபாடு கொட்ட வந்த லாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான். அடுத்த ஞாயிறே சாமியார் அவனைப் பீடத்துக்குக் கூப்பிட்டு, முன்தண்டும் அவனுக்கே என்று சொல்லிவிட்டார். அவனுக்குப் பொன்னாடை, எனக்குப் பின்னாடி. நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? கட்சிக்காரர்களோடு போய் அதே கரையில் வேப்பங்கன்று நட்டேன், பேப்பரில் படம் வந்தது. உப்புத் தண்ணீரில் கன்று கருகிவிட்டது, படம் கருகவில்லையே. என் தோள் அகலம் அவனுக்கு உண்டா, அவன் தூக்கினால் மாதா ஒரு பக்கம் சாய்ந்துதான் வருவாள். உன் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் சாமியார்தானே, நீ சொன்னால் கேட்பார், அவருக்கு ஒரு வரி எழுது.

பனியில் காதை மூடாமல் வெளியே போகாதே. மாடியில் உன் பழைய அறையை இடித்தாகிவிட்டது, நீ வருவதற்குள் புது அறை தயார். இத்தோடு கடிதத்தை முடித்துவிடத்தான் நினைத்தேன், மனசு கேட்கவில்லை. நேற்று ராயப்பன் வீட்டுக்கு வந்து ஒரு நீல டைல்ஸ் துண்டை நீட்டினான். நீ சின்ன வயதில் ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் அதில் அப்படியே இருந்தது. "லாரியில கெடந்துச்சுண்ணே, யாருகிட்டயும் சொல்லல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். இடிபாடு எங்கே போகிறது என்று நான் மேஸ்திரியிடம் கேட்கவே இல்லை, பிலோமி. அவன் மறித்தது நம் வீட்டு லாரி.

அவன் மறிப்பதற்கு முன்பே ஆற்றோரம் கொட்டிய லோடை அள்ள ஆள் பேசிவிட்டேன். சனிக்கிழமை சாமியாரிடம் நானே போய்ச் சொல்வேன். மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். மறக்காதே, சாமியாருக்கு நீ எழுத வேண்டாம்.

உன் அப்பா,
மதலைமுத்து
(இந்த வருடம் பின்தண்டு)