நீலக் கட்டம் போட்ட துணி

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

என் முட்டியைத் தவிர இங்கே எல்லாம் நலம். ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கொல்லையில் பதினொரு வருஷமாக நிற்கிறதே நம் லாரி, அதன் எஞ்சினை இறக்கிவிட்டேன். துணி காயப்போட இடமில்லை என்று உன் அண்ணி முணுமுணுக்கிறாள்.

ஆயில் பார்க்காமல் வண்டி எடுத்த புண்ணியவானே, நீ பாழாக்கியதை நான் ஓடவைத்துக் காட்டுகிறேன். உனக்கும் ஒரு சுற்று உண்டு. உட்காரத்தான், ஓட்ட இல்லை!

உன் அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடு பறக்கத் தேயுங்கள். கிடங்கில் மூட்டை எண்ணும் வேலை ஏதோ போகிறது.

வண்டிப் பேச்சு மட்டும் வேண்டாமே, அண்ணா. நீங்கள் என்னைத் திட்டிய அந்த வாசலில் நிற்கவே கூசுகிறது. அதனால்தான் வருவதில்லை. அண்ணியிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தம்பி

ஏப்ரல் 20

தம்பி,

ஒரு மாதமாக எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன்.

எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பரைத் திறந்தேன். வாளி நிறைய ஆயில் வந்தது. அப்படியானால் அன்று ஆயில் குறையவே இல்லை. உள்ளே ஆயில் உறிஞ்சும் சல்லடையை ஒரு துணி இறுக்கி மூடியிருந்தது; ஆயில் மேலே ஏற வழியே இல்லை. நீலக் கட்டம். என் பழைய சட்டையிலிருந்து கிழித்த துண்டு.

எஞ்சினைப் பிரித்தால் தூசி விழாமல் துளைகளில் துணி அடைப்பேன், மூடும்போது எண்ணி எடுப்பேன் என்று உன்னிடம் எத்தனை முறை பீற்றியிருப்பேன்! வண்டி நிற்பதற்கு முந்தின வாரம் அதைப் பிரித்து மூடியது நான்தான். அன்று எண்ணவில்லை.

உன் அண்ணியிடம், “எலி இழுத்துட்டு வந்து போட்டிருக்கும்” என்றேன். அவள் துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். இந்த வயதிலும் பொய் சொல்லத் தோன்றியதே. வெட்கமாக இருக்கிறது, தம்பி. தெரு முழுக்க நிற்க உன்னைத் திட்டினேனே, ஒரு தடவை ஆயில் அளவு காட்டும் குச்சியை இழுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

எஞ்சினைப் பழுது பார்த்து மாட்டிவிட்டேன். சாவி போடத்தான் கை வரவில்லை.

அண்ணன்

மே 2

அண்ணா,

அன்று காலை நான் ஆயில் பார்த்தேன். குச்சியை என் பேன்ட்டில், வலது தொடையில் துடைத்தது வரை ஞாபகம் இருக்கிறது. நீங்கள் கத்தியதும், அது முந்தின நாள் ஞாபகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் குச்சியை இழுத்துப் பார்க்கவில்லை.

அதன்பிறகு என்னை நானே நம்பியதில்லை. வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். என் மகள், “பூட்டு அப்பா” என்று கூப்பிடுகிறாள். நானும் சிரித்து வைக்கிறேன்.

கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுத முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதுவரை சாவி போடாதீர்கள். ஆயில் நான் பார்க்கிறேன்.

தம்பி