வாசல் கேமராவும் தொண்ணூறு ஜிபி கடலும்

மாசி 9, இரவு.

கடலுக்கடியில் நீந்தும் அந்த கேம் தொண்ணூறு ஜிபி. மூன்று நாளாக டவுன்லோடு முப்பது சதவீதத்திலேயே நின்றது. ரூட்டரை அணைத்துப் போட்டேன், லேப்டாப்பை அதன் பக்கத்திலேயே வைத்தும் பார்த்தேன். பலனில்லை. இன்று மதியம் வாசல் கேமராவை அணைத்ததும் டவுன்லோடு பிய்த்துக்கொண்டு ஓடியது. நெட் முழுவதையும் அதுதான் தின்றிருக்கிறது.

பத்து நிமிஷத்தில் போன். போர்வெல் போட ரிக் வண்டியோடு வடக்கே போயிருக்கும் என் வீட்டுக்காரர்.

"ஏங்கண்ணு, ஊடு தெரிய மாட்டேங்குதே?"

எனக்குச் சுருக்கென்றது. "பகலெல்லாம் என்னைய வேவு பாக்கறீங்களா?"

"அட, இல்ல கண்ணு. இங்க பூரா புழுதியும் சத்தமும்தான். வண்டி ஓடறப்ப போன்ல ஊட்டைத் தொறந்து வெச்சுக்குவேன். கொடியில துணி ஆடும். அதையே பாத்துட்டு இருப்பேன்."

திருட்டுப் பயத்துக்கு மாட்டியது என்றல்லவா நினைத்திருந்தேன்.

கேமராவை மறுபடி போட்டேன். வேகம் படுத்துவிட்டது. துணியெல்லாம் சாயங்காலமே காய்ந்துவிட்டது, எடுக்க மனம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே என் நீலச் சேலை இன்னும் மெல்ல அலையடித்துக்கொண்டிருக்கிறது. கடல் நாற்பத்திரண்டு சதவீதம் வந்திருக்கிறது.