நீதிபதி வீட்டுக்குப் போன கவர்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் வலிகூட எனக்குப் பயந்து அடங்கிக் கிடக்கிறது. நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே அவசரம் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். உன் அம்மா ஜெயித்துவிட்டாள்டா!

எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு திறப்பு விழா என்று சொன்னேன் இல்லையா, அழைப்பிதழ் கவர் முந்நூறுக்கும் முகவரி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. திறந்துவைக்க வருகிறவர் ஒரு பெண் நீதிபதி, அவர் கணவர் தையல் கடை வைத்திருக்கிறார். எதைக் கண்டாலும் முத்திரை குத்துவதால் நாங்கள் முத்திரை சார் என்போமே, அந்த மேனேஜர் கொடுத்த பட்டியலில் கணவர்தான் நீதிபதி என்பதுபோல் அவர் பெயரைப் போட்டு 'நீதிபதி மற்றும் திருமதி' என்று இருந்தது. நான் அந்த அம்மாவின் பெயரைப் பட்டத்தோடு முதல் வரியிலும், கணவர் பெயரைத் திரு. போட்டு அடுத்த வரியிலும் எழுதினேன். சாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆம்பளை பேருக்கு மேல பொம்பளை பேரா, பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா, மாத்தி எழுதுங்க என்றார். பட்டம் யாருதோ அவங்க பேருதான் முதல்ல சார், அவங்க படிச்ச படிப்பைத் தூக்கி வீட்டுக்காரர் தலையில வைக்க என்னால முடியாது என்றேன். அப்படியா, விழா முடியட்டும், உங்களுக்கு வேலை இருக்கா இல்லையான்னு டைரக்டர் ரூம்ல பாத்துக்கலாம் என்றார். பதினோரு வருஷ வேலைடா, போய்விடுமோ என்று பயம்தான். ஆனாலும் அந்தக் கவரை அப்படியே ஒட்டி நானே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். நீ எழுதினதுதான் சரி, போனா போகுது என்று அப்பாதான் தைரியம் சொன்னார்.

விழாவன்று நீதிபதியின் கணவர் கையில் அந்தக் கவரோடு, இதை எழுதினது யாரு என்று கேட்டுக்கொண்டே வந்தார். முத்திரை சார் முந்திக்கொண்டு, கிளார்க் பண்ணின தப்புங்க, மனசுல வச்சுக்காதீங்க என்று குழைந்தார். வந்தவர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பன்னிரண்டு வருஷமா கவர்ல எல்லாரும் என்னைத்தான் நீதிபதி ஆக்கிட்டிருந்தாங்க, தபால்காரர் தன் தம்பி வழக்குக்கு என்கிட்ட தீர்ப்பு கேட்டாரு, நான் கோட்டு தைக்கிறவன்மா, எங்க ரெண்டு பேருக்கும் ஒழுங்கா வந்த முதல் கவர் இதுதான் என்றார். நீதிபதி அம்மா ரிப்பன் வெட்டப் போகுமுன் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். இனிமே எல்லாக் கவரும் இப்படித்தான் போகணும் என்று டைரக்டர் அங்கேயே சொல்லிவிட்டார். மறுநாள் முத்திரை சார் என் மேஜைக்கு வந்து, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே டாக்டர்னா எப்படிம்மா எழுதறது என்று மெதுவாகக் கேட்டார். ரெண்டு வரி, ரெண்டு டாக்டர் சார், ஒருத்தர் பட்டத்துல இன்னொருத்தரை ஒண்ட வைக்கக் கூடாது என்றேன். பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

மருமகளுக்கு இரவு டியூட்டி என்றால் காலையில் அவளை எழுப்பாதே, காபியை நீயே போட்டுக்கொள். இந்தக் கடிதத்தின் கவரைப் பார்த்திருப்பாய், டாக்டர் என்று போட்டு அவள் பெயர் மேலே, உன் பெயர் கீழே. கல்யாணமாகி மூன்று வருஷமாக உன் பெயரை மட்டும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவளும் நான்தான். அதை அவளிடம் மறக்காமல் சொல், நான் சொல்லச் சொன்னேன் என்று சொல். குறையொன்றும் இல்லாமல் இருவரும் நிறைவாக வாழுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அம்மா