இங்காவின் மாத்திரை

ஜனவரி 14
காலையிலேயே இங்காவுக்கு வலிப்பு. கையிலிருந்த ரொட்டியை விடவே இல்லை. பதினாறு வயதாகிறது, இன்னும் ஒற்றைச் சொற்கள்தான் பேசுகிறாள். அவள் அப்பா லீஃப் ஏரிக்கு மீன்வலை எடுக்கப் போயிருந்தார்.

ஜனவரி 22
வின்னிபெக் நகர ஆஸ்பத்திரி. சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள். போதாததற்கு எலுமிச்சை அளவில் ஒரு சதைக்கட்டி. உடைந்தால் உள்ளேயே ரத்தம் கொட்டுமாம். வலிப்பு வேறு, இது வேறு என்றுதானே இத்தனை வருஷம் நினைத்தேன்? டாக்டர் மார்ஷான் ஒரு கோடு போட்டு, அதில் இரண்டு மரபணுக்களை ஒட்டி ஒட்டி வரைந்தார். ஒன்று கெட்டதால் வலிப்பும் சதைக்கட்டியும், மற்றது கெட்டதால் நீர்க்கட்டிகள்.

"பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. ஒரே இடிபாட்டுல ரெண்டும் போயிடுச்சு."

ஒரு மாத்திரை இருக்கிறதாம். சதைக்கட்டியும் சுருங்கலாம், வலிப்பும் குறையலாம். நீர்க்கட்டிகளுக்கு உறுதி இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும். சரி என்றோம்.

பிப்ரவரி 16
மாத்திரையால் வாயெல்லாம் புண். மீன் சூப்பைத் தட்டிவிட்டாள். இந்த மாத்திரை வேண்டாம்னுகூடச் சொல்லத் தெரியாதவ— யாருக்காக இதைச் செய்றேன்?

மார்ச் 27
நிமோனியா. மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

"போதும் தோரா," என்றார் லீஃப். "நம்ம ஆசைக்கு அவளைப் படுத்தறோம்."



ஏப்ரல் 18
காய்ச்சல் போய்விட்டது. ஆனால் வலிப்பு பழையபடி, நாளுக்கு இரண்டு மூன்று முறை. அப்போதுதான் உறைத்தது: நடுவில், மாத்திரை சாப்பிட்ட நாட்களில், அது குறைந்திருக்கிறது! புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம், இதைக் கவனிக்கவில்லை. லீஃப் வெகுநேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே டாக்டருக்கு போன் செய்தார். அளவைக் குறைத்து மறுபடி தொடங்குகிறோம்.

ஜூன் 6
இன்று வலிப்பு இல்லை. நேற்றும் இல்லை. எழுதவே பயமாக இருக்கிறது.

நவம்பர் 3
ஸ்கேன். சதைக்கட்டி பாதியாகியிருக்கிறது. நீர்க்கட்டிகள் அப்படியே; அவை அவளோடுதான் இருக்கும். டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அழிந்த மரபணு அழிந்ததுதான், மாத்திரை அதைத் திருப்பித் தராது. ஆனால் தினமும் உள்ளே போய், இல்லாமல் போனது செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. மூளையிலும் சிறுநீரகத்திலும். என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை அது! எப்படி? எனக்குப் புரியவில்லை. புரியாமலே அழுதேன்.

மே 30
படகுத்துறை. லீஃப் மீன் இறக்குவதை இங்கா முழுக்கப் பார்த்தாள். நடுவில் வலிப்பு வந்து அவள் கண் எங்கும் தொலையவில்லை. ஒரு பெலிகன் பறவை நீந்தி வந்தது.

"அப்பா, அதுக்கும் ஒண்ணு குடு."

லீஃப் பெட்டியைக் கீழே வைத்தார். "எதைக் குடுக்கலாம்? நீ சொல்லு."

காத்திருந்தார். அவள் இருப்பதிலேயே பெரியதைக் காட்டினாள். கொடுத்துவிட்டார்.