இப்போது யாரும் லைட் அடிப்பதில்லை

ஜெலுத்தோங்,
பினாங்கு.

அன்பு மகன் டேரனுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகம். அந்தக் குளிர் ஊரில் நீயும் வேளைக்குப் பசியாறி, சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபமாலை சொல்கிறேன். போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் வந்தால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தைக்கும் காது கொடுக்கிறார், இந்த விஷயத்தை உனக்குச் சொல்லவே கூடாது என்று எனக்கு உத்தரவு வேறு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவர் காப்பாற்றினார், பதறாமல் படி.

எல்லாம் நீ அனுப்பிய எல்.இ.டி. பல்பு விஷயம்தான். போன தடவை வந்தபோது, பிக்கப்பின் முன் லைட் மங்கிப்போச்சு, பொழுது சாய்ந்தால் அப்பா தடவித் தடவி ஓட்டுகிறார் என்று கவலைப்பட்டாயே. பார்சல் வந்த அன்றே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டி ரிப்பேர் பார்க்கிற போர்மென் குணாளனிடம் கொண்டுபோய் மாட்டுங்கள் என்றேன். "முப்பது வருஷமா கல்யாணப் பந்தலுக்குக் கனோப்பி கட்டுறவன்டி நான், ஒரு பல்பு மாட்டத் தெரியாதா" என்று யூடியூப்பைப் பார்த்துத் தானே மாட்டிவிட்டார். கனோப்பிக்கும் பல்புக்கும் என்ன சம்பந்தமோ, அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம். ஆனால் பொய் சொல்லக் கூடாது, தெருவே பகல் மாதிரி ஆகிவிட்டது. என் மகன் அனுப்பினது, என் மகன் அனுப்பினது என்று கோவிலில் பாதர் வரைக்கும் சொல்லி முடித்தார்.

அதிலிருந்து எதிரே வருகிற காடியெல்லாம் இவரைப் பார்த்து லைட் அடிக்க ஆரம்பித்தது. நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, முன்னால் போலீஸ் ரோட் பிளாக் இருந்தால் முகம் தெரியாதவன்கூட இரண்டு தடவை லைட் அடித்துச் சொல்லிவிட்டுப் போவான். இவரும் பெல்ட்டைச் சரிசெய்து, லைசென்ஸை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்து வருவார். ஒரு போலீஸையும் காணோம். "ஜனங்க இன்னும் நல்லவங்களாத்தான் இருக்காங்க, பாரு" என்று வீட்டுக்கு வந்து எனக்குப் பிரசங்கம். அதோடு விட்டாரா, சொன்னவனுக்கு நன்றி சொல்லவேண்டாமா என்று இவரும் பதிலுக்கு ஹைபீமைத் தூக்கி அடித்திருக்கிறார். நானும் ஒரு மண்டு, அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு இருந்தேன்.

போன மாதம் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்யாண வீட்டுக் கனோப்பியைக் கழற்றி, இரும்புக் குழாயெல்லாம் பின்னால் ஏற்றிக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் நம் பின் சந்தில் திரும்பியிருக்கிறார். எதிரே மோட்டார் சைக்கிளில் வந்தது பசெம்பூர் பலகாரக் கடை அலாவுதீன் மாமா. வந்தவர் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி, மோட்டாரோடு லொங்காங்கில் விழுந்துவிட்டார். அப்பா வண்டியை அப்படியே நிறுத்தி, லைட்டைக்கூட அணைக்காமல் ஓடிப்போய் அந்தச் சாக்கடைக்குள் இறங்கி அவரைத் தூக்கியிருக்கிறார். தூக்கிக்கொண்டு திரும்பினால் கண் திறக்க முடியவில்லை. சொந்த வண்டி தெரியவில்லையாம், வண்டி இருந்த இடத்தில் வெறும் வெள்ளை வெளிச்சம். அப்போதுதான் மனிதருக்கு விளங்கியது. இத்தனை நாளும் ஒருத்தனும் போலீஸ் இருக்கிறது என்று சொல்லவில்லை, கண் கூசுகிறது, இறக்கு என்று கெஞ்சியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை, மணிக்கட்டில் சுளுக்குத்தான் என்று சொன்னபோது நான் அங்கேயே அழுதுவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து அப்பா சாவியை ஆணியில் மாட்டினவர் மாட்டினவர்தான். இனிமேல் ஓட்டமாட்டேன் என்றார். வந்த வேலையையெல்லாம் வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டார். வாய் ஓயாத மனிதர், மீன் குழம்பில் உப்புக் குறைந்தாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். எனக்குப் பயமே அதுதான் டேரன். வேலை போனால் போகட்டும், இந்த மனிதர் இப்படியே உட்கார்ந்து போய்விடுவாரோ என்று புனித அன்னம்மாளுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன்.

பத்து நாள் இருக்கும், கையில் கட்டோடு அலாவுதீன் மாமாவே வந்தார். மகள் லைலாவுக்குக் கல்யாணமாம், கனோப்பி வேண்டுமாம். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, என்னால்தானே நீங்கள் விழுந்தீர்கள், வேறு ஆளைப் பாருங்கள் என்றார். மாமாவுக்கு வந்ததே கோபம். "உங்க லைட்டுன்னு எனக்கு அன்னைக்குத் தெரியலைண்ணே. உங்க மங்குன மஞ்ச லைட்டு திரும்புனா, நம்ம ஹென்றி அண்ணன் வர்றாருன்னு நான் பாட்டுக்கு வருவேன். இது யாரோ எவனோன்னு பயந்து ஒதுங்குனேன்லா, அதான் விழுந்தேன். பழைய லைட்டை மாட்டிக்கிட்டு வந்து கனோப்பியைக் கட்டுங்க" என்று சத்தம் போட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்.

மறுநாளே வண்டி குணாளனிடம் போனது. இந்த மாதிரி பல்புக்குச் செய்த லைட் இல்லை இது, வெளிச்சம் சிதறும், பின்னால் பாரம் ஏற்றினால் வண்டி மூக்கைத் தூக்கி நேரே எதிராளியின் கண்ணில் அடிக்கும் என்றானாம். மங்கியிருந்த கண்ணாடியைப் பாலிஷ் போட்டு, புதிதாகச் சாதா மஞ்சள் பல்பு மாட்டி, லைட்டையும் இறக்கி வைத்துக் கொடுத்தான். இப்போது பாதை நன்றாகவே தெரிகிறதாம். லைலா கல்யாணத்துக்குக் கனோப்பி கட்டிவிட்டு வந்த அன்று, இன்றைக்கு ஒருத்தரும் லைட் அடிக்கவில்லை என்று கொஞ்சம் ஏமாந்த மாதிரி சொன்னார். அப்புறம் ரசத்தில் புளி அதிகம் என்று சண்டைக்கு வந்தார். எனக்கு உயிரே திரும்பி வந்தது.

உன் பல்பைத் தூக்கிப் போடவில்லை அய்யா, பெட்டியோடு அப்பாவின் அலமாரியில் சட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது. உன் மேல் ஒரு குற்றமும் இல்லை, நீ பாசத்தில் செய்தாய். போனில் அப்பா பல்பு சூப்பர் என்று சொன்னால் நீயும் ஆமாம் என்று கேட்டுக்கொள். ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்துக் காக்கட்டும். சூடாகச் சாப்பிடு, பூசையைத் தவறவிடாதே. இனிமேல் பார்சல் எதுவும் வேண்டாம், கிறிஸ்துமஸுக்கு நீயே வந்து சேர். ஏர்போர்ட் வாசலில் நின்று பார், மஞ்சள் லைட் திரும்பினால் அது நம் அப்பாதான்.

உன் அன்பு அம்மா,
மார்த்தா ஹென்றி